ஆடியிற் படியும் ஆவி

ஐம்பொறிகளுள் கண்ணே தலையாயதென்பர். அக்கண்ணுக்குத் துணையாக மக்கள் ஆக்கிக்கொண்ட பொருள்களுள் ஆடியை ஒப்பது பிறிதில்லை. மூப்பினால் ஒளி குன்றிய கண்ணினர் திருமறை ஓதுவதும், வானநூல் வல்லார் கோள்களின் இயக்கத்தை ஆராய்வதும், மருத்துவர் குருதித் துளியில் நோய்க்கிருமியைக் கண்டறிவதும் ஆடியின் உதவியினாலன்றோ? இத்துணைச் சிறப்புடைய ஆடியைக் குருடாக்குதற்குக் கல்லும் வேண்டா, தடியும் வேண்டா. ஒருவர் விடும் மூச்சே போதும். துப்பாக்கியின்மேற் பொருத்தப்படும் தொலைநோக்காடி இங்ஙனம் ஆவி படிந்து மங்குவது ஏன் என்பதையும், அதனை மங்காமற் காக்கும் வழிகள் யாவை என்பதையும் யாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அன்பையும் அமைதியையும் போற்றும் ஒரு கல்லூரியின் ஆண்டு மலரில், அதிலும் தமிழ்ப் பகுதியில், துப்பாக்கிக்கு என்ன இடமென்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நேரியதே. கொலைத்திறத்தைப் புகழ்வது எம் கருத்தன்று. வேட்டையாடுதலும் 1972-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் நம் நாட்டில் விலக்கப்பட்ட செயலாயிற்று. ஆயினும் எல்லை காக்கும் படைவீரர் கையில் அக்கருவி இருக்கின்றது. ஊருக்குள் புகுந்த காட்டு விலங்கின்மேல் மயக்க ஊசி எய்வோரும் குறி பார்த்தே எய்தல் வேண்டும். மூக்குக்கண்ணாடி மங்குமாயின் அதனால் வருவது சிறிதோர் இடையூறே. துப்பாக்கியின்மேல் அமைந்த ஆடி மங்குமாயின் அஃது ஓர் உயிரைப் பற்றிய செய்தியாய்விடும். ஆகவே, உயிரின் அருமையைப் பேசும் இடத்தில் இப்பொருளும் பேசப்படலாமென்பது எம் துணிபு. இதில் எமக்கு ஆசிரியராயினார், மதராசுப் படைப்பிரிவில் 20 ஆண்டு ஊழியஞ் செய்து ஓய்வுபெற்ற எம் அம்மான். அவர் நெல்லைச் சீமையின் பனங்காட்டு ஊரொன்றிற் பிறந்தவர். மார்கழி மாதத்துப் புல்நுனியிலன்றி வேறெங்கும் பனியைக் கண்டறியாதவராய்ப் படையிற் சேர்ந்து, வடவெல்லை மலைகளிற் பல குளிர்காலங்களைக் கழித்தவர்.

முதற்கண் ஆவி படிவதன் காரணத்தை ஆராய்வாம். காற்றில் நீரானது கண்ணுக்குப் புலனாகாத ஆவி வடிவில் எப்பொழுதும் கலந்துள்ளது. வெப்பமான காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும்; குளிர்ந்த காற்றோ சிறிதளவே தாங்கும். 30 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர்க் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைக் கொள்ளவல்லது. அக்காற்றே 20 பாகைக்குக் குளிருமாயின் 17 கிராம் அளவும், நீர் உறையும் நிலைக்கு வருமாயின் 5 கிராம் அளவுமே கொள்ளும். எஞ்சிய நீர் எங்கே செல்லும்? அருகிற் குளிர்ந்து கிடக்கும் பொருள் எதுவோ அதன்மேல் நுண்டுளிகளாய்ப் படியும். அங்ஙனம் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என வழங்குவர்.

இதனை விளக்க மலைநாடு செல்லவேண்டுவதில்லை. சென்னை போன்ற கடற்கரை நகரில் 32 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் பனிநிலை 27 பாகையாகும். குளிரூட்டிய நூலகத்தில் 24 பாகையில் நெடுநேரம் அமர்ந்திருந்த மாணவர் கதவைத் திறந்து வெளியே வந்த அக்கணமே அவர்தம் மூக்குக்கண்ணாடி வெண்படலம் போர்த்துக்கொள்வதை யாவரும் கண்டிருப்போம். கண்ணாடியின் வெப்பம் 24. காற்றின் பனிநிலை 27. இம்மூன்று பாகை வேற்றுமையே அப்படலத்தின் தாய். ஆகவே ஆவி படிதற்குக் கடுங்குளிர் இன்றியமையாததன்று. சூழ்ந்த காற்றின் பனிநிலையினும் ஆடி குளிர்ந்திருத்தல் ஒன்றே வேண்டுவது. ஆடியை மங்காமற் காக்கும் வழிகளுட் பெரும்பாலன இவ்வொரு விதியினின்றே பிறப்பன.

இனித் துப்பாக்கித் தொலைநோக்காடியின் அமைப்பைச் சிறிது நோக்குவாம். அஃது ஓர் உலோகக் குழல். குறியை நோக்கிய முனையில் முன்வில்லையும், கண்ணை நோக்கிய முனையிற் கண்வில்லையும், இடையே வேறு சில வில்லைகளும் அதன்கண் உள. ஆவி படியும் இடங்கள் மூன்று: குழலின் உட்புறம், முன்வில்லையின் வெளிப்புறம், கண்வில்லையின் வெளிப்புறம். இம்மூன்றற்கும் மருந்து வெவ்வேறாம். ஒன்றன் மருந்தை மற்றொன்றற்கு இடுதல் பயனின்று.

உட்புறத்தை முதலில் எடுத்துக்கொள்வாம். குழலினுள் அடைபட்ட காற்றில் ஈரம் இருப்பின், குளிர் மிக்கபோது அவ்வீரம் வில்லைகளின் உள்முகத்திற் படியும். கை புகாத இடமாதலின் அதனைத் துடைத்தல் இயலாது. இதற்கு அறிஞர் கண்ட வழி, குழலினுள் உள்ள காற்றை முற்றும் போக்கி, ஈரமற்ற நைட்ரஜனையோ ஆர்கானையோ நிரப்பி, மூட்டுகளை இரப்பர் வளையங்களால் இறுக அடைத்துவிடுதலாகும். நைட்ரஜனிடத்து ஏதோ மந்திர ஆற்றல் உண்டென்று எண்ணற்க. நாம் உயிர்க்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே. அதில் நீர் இல்லாதபடி உலர்த்தி நிரப்புவதே அதன் பயன். படிதற்கு நீர் இல்லாவிடத்துப் படலம் ஏது?

இவ்வழி பரவிய வரலாறு சுவையுடையது. அமெரிக்க நாட்டின் ஆரிகன் மாநிலத்தில் அளவைக் கருவிகள் செய்துவந்த நிலையத்தைச் சேர்ந்த மார்க்கஸ் லூப்போல்டு என்பார் ஒருகால் வேட்டைக்குச் சென்றபோது, தொலைநோக்காடி மங்கியமையால் மானைத் தவறவிட்டனர் என்றும், இதனினும் நல்லதொன்றைத் தாமே செய்தல் கூடுமென்று அன்றே துணிந்தனர் என்றும் கூறுவர். அந்நிலையத்தார் 1947-ஆம் ஆண்டிற் துப்பாக்கித் தொலைநோக்காடிகளை வெளியிடத் தொடங்கி, நைட்ரஜன் நிரப்பி மங்காமற் செய்யும் முறைக்கு முன்னோடிகளாயினர். 1963-ல் சோவியத்து நாட்டில் திராகுனோவ் என்னும் துப்பாக்கியுடன் வழக்கிற்கு வந்த ஆடியும் நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்டதே. நம் படையிலும் பயின்ற துப்பாக்கி அது. இத்தகைய ஆடியை வைத்திருப்போர் செய்யவேண்டுவது ஒன்றே: அதன் திருகுகளைத் தாமே கழற்றிப் பாராதிருத்தல். ஒருமுறை திறந்தால் உலர்ந்த வளி போய் ஊர்க்காற்று உள்ளே குடிபுகும். உட்புறம் மங்கியதென்று கண்டால், அடைப்பு எங்கோ பழுதுற்றதென்றே பொருள்; அதனைச் செய்தவரிடமே அனுப்பிச் செப்பனிடுவித்தல் வேண்டும்.

நிற்க. வெளிப்புறத்தைப் பற்றிப் பேசுங்கால் நைட்ரஜன் ஒரு சிறிதும் உதவாது. முன்வில்லை உலகத்துக் காற்றோடு நேரே உறவாடுவது. குளிரிற் கிடந்த துப்பாக்கியை அடுப்பெரியும் குடிலுக்குட் கொணர்ந்தால், பலர் மூச்சும் தேநீர் ஆவியும் கலந்த அந்த வெப்பக் காற்று ஆடியைத் தொட்டவுடன் நீராய் இழியும். அந்நீருடன் அதனை மீண்டும் வெளியே கொண்டுசென்றாலோ, அது பனிக்கட்டியாய் உறைந்து, ஆடியை மட்டுமன்றித் துப்பாக்கியின் இயக்கத்தையே தடுத்துவிடும். எம் அம்மான் கூறியது வருமாறு: “மருமகனே, நாங்கள் குடிலுக்குள் நெருப்பண்டையில் உறங்குவோம், துப்பாக்கியை அடுப்பில்லாத வெளித்தாழ்வாரத்தில் உறையிட்டு வைப்போம். அது குளிரோடு குளிராய்ப் பழகிக் கிடக்கட்டும். உள்ளே கொண்டுவந்தே தீரவேண்டுமென்றால், வெளியிலேயே ஒரு பையில் இட்டு வாயைக் கட்டிக் கொண்டுவருவோம். பையின்மேல் தண்ணீர் வேர்க்கும், ஆடியின்மேல் வேர்க்காது. மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சூடேறிய பின்பே பையை அவிழ்ப்போம்.” இவ்வெளிய முறையில் மேற்கூறிய விதி முழுவதும் அடங்கியிருத்தல் காண்க. ஆடியும் அது வழங்கும் இடத்துக் காற்றும் ஒத்த வெப்பநிலையில் இருப்பின் படலம் தோன்றாது. நம் கல்லூரி நண்பருள் நிழற்படக் கருவி உடையோர் குளிரூட்டிய அறையினின்று மழைக்கால வெளிக்குச் செல்லும்போது இம்முறையையே கையாளலாம். கருவியைப் பையிலிட்டு மூடியபடி வெளியே கொண்டுசென்று, அதன் வெப்பம் ஒத்தபின் திறந்தாற் போதும்.

மழைத்துளியும் பனித்துகளும் நேரே விழாதபடி முன்வில்லைக்கு மூடியிடுவதும் நன்று. ஆயின் மூடியை முன்னரே ஈரமுள்ள ஆடியின்மேல் இடுதல் தகாது. ஈரத்தைச் சிறைவைத்தது போலாகும்.

மூன்றாவதாகிய கண்வில்லையே காத்தற்கு அரியது. என்னை? அதன் பகை தொலைவில் இல்லை. பார்ப்பவரின் மூக்கிலும் வாயிலும் இருக்கின்றது. நாம் விடும் மூச்சு ஏறக்குறைய 34 பாகை வெப்பமும், தாங்கக்கூடிய அளவு முழுமைக்கும் நிறைந்த ஈரமும் உடையது. குளிர்ந்த வில்லையின் அருகே அம்மூச்சுப் படுமாயின் நொடிப்பொழுதில் மங்கிவிடும். மேட்டில் ஏறி இளைத்து வந்து உடனே ஆடியிற் கண் வைப்பார்க்கு இது திண்ணமாய் நேரும். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்து யாவரும் முகக்கவசம் அணிந்த காலத்து, எம்போல் மூக்குக்கண்ணாடி அணிவோர் பட்ட பாட்டை நினைவுகூர்க. கவசத்தின் மேல்விளிம்பு தளர்ந்திருந்தமையால் மூச்சு மேல்நோக்கி எழுந்து கண்ணாடியை மூடிற்று. அவ்விளிம்பிலுள்ள கம்பியை மூக்கின்மேல் அழுத்தி இறுக்கினோர்க்கு அத்துன்பம் குறைந்தது. மலைப்படைவீரரும் இதனையே செய்கின்றனர். கழுத்துத் துணியால் மூக்கையும் வாயையும் போர்த்து, மேல்விளிம்பைக் கன்னத்தோடு இறுக்கி, மூச்சைக் கீழ்நோக்கி விடுவர். வேண்டும் பொழுதன்றிக் கண்ணை ஆடியின் அருகே கொண்டு செல்லார்.

பின்லாந்து நாட்டினரான சீமோ ஹய்ஹ என்பார் (1905–2002) இவ்வகையில் உலகறிந்தவர். 1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை சோவியத்துப் படையுடன் நிகழ்ந்த குளிர்காலப் போரில் குறிபார்த்துச் சுடுவதிற் பெயர்பெற்ற அவர், தொலைநோக்காடியையே விரும்பாது துப்பாக்கியின் இரும்புக் குறிகளைக் கொண்டே நோக்கினார். குளிரில் ஆடி மங்குதல், அதன் ஒளிவீச்சுப் பகைவர்க்கு இடங்காட்டுதல், அதனூடு பார்க்கத் தலையைச் சற்றே உயர்த்தவேண்டியிருத்தல் ஆகிய மூன்றும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவன. மூச்சின் ஆவி வெளியே தோன்றாதபடி அவர் வாயிற் பனிக்கட்டியை இட்டுக்கொண்டிருந்தாரென்றும் கூறுவர். அவர் எத்துணைப் பேரைச் சுட்டார் என்னும் கணக்கை ஈண்டு எடுத்துரைக்க எம் மனம் ஒவ்வவில்லை. தம் மூச்சைத் தாமே ஐயுற்றுக் காத்த அவ்விழிப்பு ஒன்றையே குறிக்கின்றோம்.

இனி, பூசும் மருந்துகள் சில உள. நீர் நுண்டுளிகளாய்த் திரண்டு நிற்கும்போதுதான் ஒளியைச் சிதறடித்து ஆடியை வெண்மையாக்கும். அந்நீரே ஒரே மெல்லிய படலமாய்ப் பரந்துவிடின் ஊடுருவிப் பார்க்கலாம். சவர்க்காரம் போன்ற பொருள்கள் நீரைத் திரளவிடாது பரப்பும் இயல்பின. முகம் பார்க்கும் கண்ணாடியிற் சவர்க்காரத்தைச் சிறிதளவு தேய்த்து மெருகிட்டால் குளியலறையில் அது மங்காதிருத்தலும், முத்துக்குளிப்போரும் பிறரும் நீருள் அணியும் முகக்கண்ணாடியின் உட்புறத்தில் உமிழ்நீர் தடவிக்கொள்ளுதலும் இதுபற்றியே. இம்மருந்தின் அருமையை வானவெளியில் ஒருவர் உணர்ந்தார். 1966 ஜூன் 5-ஆம் நாள் ஜெமினி 9ஏ கலத்தினின்று வெளிப்போந்த யூஜின் சர்னன் என்னும் அமெரிக்க வீரர், கடும் உழைப்பினால் வேர்த்து இளைக்க, அவர் தலைக்கவசத்தின் முகப்பு உட்புறம் முற்றும் மங்கிவிட்டது. கவசத்தினுள் கை புகாதன்றோ? மூக்கின் நுனியால் தேய்த்துச் சிறு துளை அளவு தெளிவு செய்துகொண்டு, 2 மணி நேரத்திற்குச் சற்றே மேற்பட்ட பொழுதின்பின் அரிதிற் கலத்திற்கு மீண்டார். செய்யக் கருதிய வேலை முற்றுப்பெறவில்லை. அதன்பின் சென்ற வீரர்களின் முகப்புகளில் வெளிப்போதற்கு முன் மங்காமருந்து பூசுதல் வழக்கமாயிற்று. இத்தகைய மருந்துகள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன. ஆயின் விலையுயர்ந்த வில்லைகளின்மேல் ஒளி தெறியாமைப் பொருட்டு மிக மெல்லிய பூச்சு ஏற்கெனவே உள்ளதாதலின், அப்பூச்சுக்கு ஊறு செய்யாத மருந்தையே தேர்ந்து கொள்ளவேண்டும்.

இங்கே விலக்கவேண்டிய ஒன்றையும் கூறுவாம். ஆடி மங்கியதும் சட்டை முனையால் துடைத்தல் பெரும்பான்மையோர் வழக்கம். துணியிலும் ஆடியிலும் உள்ள மணற்றுகள் அப்பூச்சைக் கீறும். கீறல் என்றும் மாறாது. ஆவியோ தானே மாறுவது. அன்றியும், ஆடி குளிர்ந்தே இருக்குங்கால் எத்துணை முறை துடைப்பினும் படலம் மீளவும் வரும். காரணத்தை நீக்காது காரியத்தைத் துடைப்பதனால் ஆவதென்னை? தூசியைச் சிறு தூரிகையால் தட்டிய பின்னரே ஆடிக்குரிய மெல்லிய துணியால் ஒற்றுதல் முறை. வாயால் ஊதித் துடைத்தலோ பகைவனையே காவலுக்கு வைத்தலை ஒக்கும்.

இவையெல்லாம் செய்தும் ஆடி மங்கும் நேரம் உண்டு. அப்பொழுது செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்கு விடையாக எம் அம்மான் ஒரு நிகழ்ச்சியைக் கூறினார். ஐப்பசி மாதத்து விடியற்காலம் ஒன்றில், அவரும் துணைவர் ஒருவரும் மலைச்சரிவின் காவலிடத்திற்கு ஏறிச் சென்றனர். எதிர்ச்சரிவில் ஓர் உருவம் அசைந்தது. அதன் தோளின்மேல் நீண்டதொன்று தெரிந்தது. அவர் ஆடியிற் கண் வைத்தார். ஏறிவந்த இளைப்பினால் அவர் மூச்சே ஆடியை மூடிக்கொண்டது. மங்கிய ஆடியில் அவ்வுருவம் துப்பாக்கி தாங்கிய ஆளைப் போலவே தோன்றிற்று. துணைவர் விரைவு காட்டினார். அம்மான் விசையினின்று விரலை எடுத்து, முகத்தைப் புறம் திருப்பி, மூச்சு அடங்குமளவும் காத்திருந்தார். படலம் விளிம்பினின்று நடுவை நோக்கி மெல்லச் சுருங்கிற்று. பின்னர்ப் பார்க்குங்கால், தோளின்மேற் கோலைக் கிடத்தி, குளிருக்கு அஞ்சித் தம் மந்தையை உயர்நிலத்தினின்று கீழே ஓட்டிச் செல்லும் ஆட்டிடையர் ஒருவர் தெரிந்தார். இதனைக் கூறியபின் அம்மான் சிறிது நேரம் வாளா இருந்து, பனையோலைக்கு அவ்வாண்டு வந்த விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். யாமும் மேற்கொண்டு வினவவில்லை.

குறி இன்னதென்று ஐயமறத் தெளியாத முன்னம் விசையைத் தொடற்க என்பது துப்பாக்கி ஏந்துவோர்க்கெல்லாம் உரிய முதல் விதிகளுள் ஒன்று. நைட்ரஜன் நிரப்புவாரும் மருந்து பூசுவாரும் ஆடிக்கு உதவலாம். இவ்விதிக்கு உதவுவது பொறுமை ஒன்றே. வள்ளுவர் காலமறிதலிற் கொக்கினை உவமை கூறியதைப் பயின்ற நாம், காத்திருத்தலும் ஒரு தொழிலென்பதை மறத்தலாகாது.

தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு இப்பொருளில் வேறொரு நினைவும் எழுகின்றது. தமிழில் ஆவி என்னும் சொல் நீரின் புகைக்கும், மூச்சிற்கும், உயிர்க்கும் பொதுவாயது. கிறித்தவராகிய நாம் திரியேகத்தின் மூன்றாம் ஆளையும் அச்சொல்லாலேயே வழிபடுகின்றோம். உயிர் உண்டென்பதற்கு அடையாளமாகிய அவ்வாவியே ஆடியை மறைப்பதும் ஆகின்றது. மூச்சை நிறுத்திவிட்டு வாழ்தல் இயலாது. அதனைக் கீழ்நோக்கித் திருப்புதலும், அடங்கும் வரை பொறுத்தலும் இயலும். பிறரை நாம் நோக்கும் நோக்கிலும் இது பொருந்தாதோ? விரைவும் வெகுளியும் கொண்டு வெதும்பிய நெஞ்சோடு ஒருவரை நோக்குங்கால், நாம் காண்பது அவரையன்று. நம் மூச்சின் படலத்தையே. ஒருவர் தோளிற் கிடப்பது கோலோ துப்பாக்கியோ என்று தெளியாத முன்னமே சொல்லால் அவரைச் சுட்டு வீழ்த்துதல் நம் விடுதிகளிலும் நிகழாததன்று.

பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில், இம்மையில் நம் காட்சி ஆடியில் தோன்றும் தெளிவற்ற உருவம் போன்றதென்னும் கருத்தை அமைத்தார். அந்நாளைய ஆடிகள் மெருகிட்ட உலோகத்தாலாயவை. அவையும் மூச்சுப் பட்டால் மங்குவனவே. அவ்வதிகாரம் முழுவதும் அன்பைக் குறித்ததென்பது கருதற்பாலது. முற்றத் தெளிந்த காட்சி மறுமைக்குரியதாகலாம். அதுகாறும், மங்கிய ஆடியை நம்பி எவரையும் குறிவையாதிருக்கும் பொறையை எல்லாம் வல்ல இறைவன் நம் கல்லூரி மாணவர் அனைவர்க்கும், சிறப்பாக நாளை சீருடை அணிந்து எல்லைக்குச் செல்லவிருக்கும் எம் தோழர்க்கும், அருள்வாராக.